திரும்பி வரும் உரிமை

பிறந்த ஊரை விட்டுப் பிழைக்க வந்த ஊரில் வேரூன்றிவிட்ட தமிழருக்குப் பணியிலிருந்து ஓய்வு பெறும் நாள் ஒரு புதிய கேள்வியைக் கொண்டு வருகிறது. இனி எங்கே இருப்பது என்பதே அக்கேள்வி. தாராவியிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ முப்பது நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு முன்பெல்லாம் இதற்கு இரண்டே விடைகள் இருந்தன. ஒன்று, மும்பையிலேயே தங்கிவிடுவது. மற்றொன்று, நெல்லைக்கோ தஞ்சைக்கோ பாலக்காட்டுக்கோ திரும்பிச் செல்வது. இன்று மூன்றாவது விடை ஒன்றும் சேர்ந்திருக்கிறது. மகன் அமெரிக்காவில் இருக்கிறான். மகள் துபாயில் இருக்கிறாள். ஆகவே ஆண்டில் சில மாதங்கள் அங்கே, சில மாதங்கள் இங்கே என்று காலத்தைப் பங்கிட்டு வாழும் முதியோர் நம்மிடையே பலர். அயல்நாட்டிலேயே உழைத்து, அந்நாட்டுக் குடிகளாகி, ஓய்வுக் காலத்தை மட்டும் செம்பூரில் கழிக்க விரும்பி வருவோரும் உளர்.

இருப்பிடம் இரண்டானால் கடக்க வேண்டிய வாயிலும் இரண்டாகிறது. ஒரு நாட்டின் வாயிலைத் தாண்டி வெளியே சென்றவர், மீண்டும் அதே வாயிலின் வழியே உள்ளே வரலாமா? எத்தனை நாளுக்குள் வர வேண்டும்? எந்தத் தாளைக் காட்ட வேண்டும்? வயதானவர்களுக்கு இவை அற்ப விஷயங்கள் அல்ல. அவர்களுடைய வீடும், மருத்துவரும், சேமிப்பும், பேரக் குழந்தைகளும் வாயிலின் இரு புறங்களிலும் பிரிந்து கிடக்கின்றன. ஆகவே விசா, மறுநுழைவு அனுமதி ஆகியவற்றின் வரலாற்றை, சிறப்பாகத் தமிழர் அனுபவத்தில் அவை பெற்ற உருவத்தை, இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வோம்.

நம் பாட்டன்மார் காலத்தில் இந்த வாயில்கள் பெரும்பாலும் திறந்தே கிடந்தன. இரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் சென்ற தமிழர்கள் பாஸ்போர்ட் என்னும் சொல்லைக் கேட்டிருக்கவும் மாட்டார்கள். எல்லாம் ஒரே சாம்ராஜ்யத்தின் துறைமுகங்கள். 1914-ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், சென்னையில் ரயிலேறியவர் தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மீண்டும் ரயிலேறிக் கொழும்பு சேர்ந்தார். அந்தப் பயணத்துக்கே 'போட் மெயில்' என்று பெயர் வழங்கிற்று. இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரை மண்டபம் முகாமில் சில நாள் தங்க வைத்தார்கள். நோய் தொற்றாமல் இருக்கவும், தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கணக்குக்காகவுமே அவ்வேற்பாடு. உன் நாடு எது என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

முதல் உலகப் போர் இந்நிலையை மாற்றியது. போர்க்காலத்தில் உளவாளிகளுக்கு அஞ்சி உலகெங்கும் பாஸ்போர்ட் கட்டாயமாயிற்று. போர் முடிந்த பின்னரும் அக்கட்டாயம் நீங்கவில்லை. இந்தியாவில் 1920-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம், வெளியிலிருந்து இந்தியாவுக்குள் வருவோர் பாஸ்போர்ட் வைத்திருக்க வேண்டுமென விதி செய்யும் அதிகாரத்தை அரசாங்கத்துக்கு அளித்தது. 1939-ஆம் ஆண்டில் அயல்நாட்டாரைப் பதிவு செய்யும் சட்டமும், 1946-ஆம் ஆண்டில் அயல்நாட்டார் சட்டமும் வந்தன. அன்றைய இந்தியத் தமிழர் இவற்றைப் பொருட்படுத்தவில்லை. அவை வேறு யாருக்கோ உரிய சட்டங்கள் என்று கருதினர். இந்தியாவுக்குள் நுழையும் வேற்று நாட்டான் என்ற நிலை நம் பிள்ளைகளுக்கு, அதுவும் அவர்களது விருப்பத்தினாலேயே, வாய்க்கும் என்று அன்று யார் எண்ணியிருப்பார்?

இந்தக் காலப் பகுதியில்தான் பம்பாய்த் தமிழரின் குடியிருப்புகள் உருவாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து திருநெல்வேலிச் சீமையினர் தாராவிக்கு வந்து தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டனர். 1896-ஆம் ஆண்டுப் பிளேக் நோய்க்குப் பின் நகரைச் சீர்திருத்த ஏற்பட்ட அமைப்பு, தாதர், மாட்டுங்காப் பகுதிகளில் அகன்ற வீதிகளை வகுத்தது. அவ்வீதிகளில் எழுந்த வீடுகளில் எழுத்தர்களும் கணக்கர்களும் சுருக்கெழுத்தாளர்களுமாகத் தென்னிந்தியர் குடியேறினர். 1932-ஆம் ஆண்டில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. பின்னர் 1950-களில் டிராம்பேயில் அணுசக்தி நிலையமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அமைந்தபோது, செம்பூர் தமிழர் பெருகிய புறநகராயிற்று.

இவர்களுள் எவரும் பம்பாய்க்கு வர அனுமதி கேட்டதில்லை. ஊருக்குச் சென்று திரும்ப மறுநுழைவுச் சீட்டும் பெற்றதில்லை. குடியரசின் அரசியல் சட்டம் 19-ஆம் பிரிவில், இந்தியாவின் எப்பகுதியிலும் நடமாடவும் வசிக்கவும் குடிமகனுக்கு உரிமை தந்திருக்கிறது. 1960-களின் பிற்பகுதியில் இந்நகரில் தென்னிந்தியருக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தபோது, கடைகளும் வீடுகளும் அச்சத்தில் ஆழ்ந்தன. ஆயினும் எந்த அதிகாரியும் நம்மவரைப் பார்த்து, உன் அனுமதிக் காலம் முடிந்துவிட்டது என்று சொல்ல இயலவில்லை. அந்த உரிமையின் மதிப்பை, அது இல்லாதவர் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால்தான் உணரலாம்.

அத்தகையோர் நம் அண்டையிலேயே இருந்தனர். நாடு பிரிவினையுற்றபோது சிந்துவிலிருந்து வந்த மக்களுக்குச் செம்பூரில் முகாம் அமைந்தது. முகாமில் இருந்தோர் திரும்பிச் செல்லும் எண்ணத்தைக் கைவிட்டவர்கள். அதே வேளையில், இங்கிருந்து கராச்சிக்கும் லாகூருக்கும் சென்ற சிலர் மனம் மாறித் திரும்ப விரும்பினர். 1948-ஆம் ஆண்டு ஜூலையில் இந்திய அரசாங்கம் மேற்குப் பாகிஸ்தானிலிருந்து வருவோருக்குப் 'பெர்மிட்' முறையை ஏற்படுத்தியது. சில நாட்கள் தங்கிச் செல்வதற்கு ஒரு வகைப் பெர்மிட், நிலையாகத் திரும்பி வருவதற்கு மற்றொரு வகைப் பெர்மிட் எனப் பிரிவுகள் இருந்தன. அரசியல் சட்டத்தின் 7-ஆம் பிரிவே இப்பெர்மிட்டைக் குறிப்பிடுகிறது. 1947 மார்ச் முதல் தேதிக்குப் பின் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தவர், நிலையாகத் திரும்புவதற்கான பெர்மிட்டுடன் மீண்டிருந்தாலன்றிக் குடிமகனாகக் கருதப்படார் என்று அது கூறுகிறது. ஒரு தாள் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்து ஒரு மனிதனின் நாடு எது என்பது முடிவாயிற்று!

பெர்மிட் விதியை மீறியவரைப் பிடித்து எல்லைக்கு வெளியே அனுப்பவும் 1949-ஆம் ஆண்டின் சட்டம் இடம் தந்தது. அவர் இந்தியக் குடிமகனாகவே இருந்தாலோ? இக்கேள்வி பம்பாய் ராஜ்யத்தை எதிர்த்து இப்ராஹிம் வஜீர் மாவத் என்பவர் தொடுத்த வழக்கில் எழுந்தது. 1954-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில், குடிமகனை அவனது நாட்டை விட்டே அகற்றும் அப்பிரிவு செல்லாது என்று கூறியது. பெர்மிட் இல்லாமல் வந்தது குற்றமாகலாம். அதற்குத் தண்டனையும் விதிக்கலாம். ஆனால் வீட்டுக்காரனை வீட்டை விட்டே துரத்த இயலாது. நம் பொருளுக்கு இத்தீர்ப்பு அடிக்கல் போன்றது. குடிமகன் திரும்பி வருவது உரிமையினால். மற்றவர் திரும்பி வருவது அனுமதியினால். உரிமைக்கும் அனுமதிக்கும் உள்ள இந்த வேற்றுமையைப் பின்வரும் செய்திகள் அனைத்திலும் காணலாம்.

இனி, கடல் கடந்த தமிழரின் நிலையைக் காண்போம். இலங்கை 1948-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் முதல் அமலாயிற்று. திறந்து கிடந்த போட் மெயில் பாதையில் விசாவும் 'தற்காலிக வாச அனுமதி'யும் குறுக்கே நின்றன. கொழும்பில் கடை வைத்திருந்தவரும், கணக்கெழுதியவரும், ஊருக்கு வந்து திரும்பும் ஒவ்வொரு தடவையும் தம் தாள்களை எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று.

தோட்டத் தமிழரின் நிலை இன்னும் கடினம். 1949-ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வாசிகள் குடியுரிமைச் சட்டம், 1946 ஜனவரி முதல் தேதிக்கு முன் மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடைவிடாது இலங்கையில் வசித்திருக்க வேண்டும் என்றது. இடைவிடாமை என்பதற்கும் ஓர் அளவு இருந்தது. ஒரே தடவையில் 12 மாதங்களுக்கு மேல் வெளியே தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்பட்டது. நம் குடும்ப வழக்கத்தை அறிந்தவர்க்கு இதன் கொடுமை விளங்கும். பிரசவத்துக்குத் தாய் வீடு செல்வதும், தந்தை நோயுற்றால் உடனிருந்து பார்ப்பதும், காரியங்கள் முடிந்து, நிலத்தைப் பங்கிட்டு, தங்கையின் திருமணத்தையும் நடத்திவிட்டுப் புறப்படுவதும் நம்மவர்க்கு இயல்பு. அன்று அவ்வாறு தங்கியவர் தம் நாட்கள் பின்னாளில் எண்ணப்படும் என்று அறிந்திருக்க வழியில்லை. சட்டம் பிறக்கும் முன் கழிந்த நாட்களையும் சட்டம் எண்ணியது! 1951 ஆகஸ்டில் கெடு முடிந்தபோது 8 லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்திருந்தன. இறுதியில் குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே.

1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க வேண்டும் என்றது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-ஆம் ஆண்டில் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக் கொண்டன. இவ்வாறு இந்தியாவுக்கு வந்தவர்களுள் முதியோர் பலர். தாம் கொழுந்து பறித்த மலையை மீண்டும் ஒரு முறை பார்க்க அவர்கள் விரும்பியிருந்தாலும், அது அயல்நாட்டுப் பயணமாகிவிட்டது.

மலாயாவிலும் இதே காலத்தில் கதவுகள் நெருங்கின. 1952-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் 1953 ஆகஸ்டு முதல் தேதியில் அமலுக்கு வந்து, புதிதாக வருவோரைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. நுழைவு அனுமதி வேறு, மறுநுழைவு அனுமதி வேறு என்று அந்நாட்டுச் சட்டம் பிரித்தே வைத்திருக்கிறது. சிங்கப்பூரிலும் நிரந்தரவாசி வெளிநாடு சென்று திரும்ப வேண்டுமானால் மறுநுழைவு அனுமதி செல்லுபடியாகும் நிலையில் இருத்தல் வேண்டும். அது காலாவதியான பின் வெளியே இருப்பவர் தம் நிரந்தரவாசத்தையே இழக்க நேரும். பர்மாவின் கதை இன்னும் துயரமானது. 1937-ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்ட அந்நாட்டில், 1964-ஆம் ஆண்டில் கடைகள் அரசுடைமையானபோது, ஆயுளெல்லாம் உழைத்த நம்மவர் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினர். அவர்களுள் பலருக்குத் தாயகம் என்பது தந்தையார் சொல்லக் கேட்ட ஒரு கிராமத்தின் பெயர்தான்.

இவ்வாறு அயல்நாட்டு வாயில்கள் மாறிக்கொண்டிருக்க, நம் நாட்டிலிருந்து வெளியே செல்வதற்கே உரிமை உண்டா என்ற கேள்வி 1967 வரை தெளிவாகவில்லை. பாஸ்போர்ட் கொடுப்பதும் மறுப்பதும் அரசாங்கத்தின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே இருந்தது. சத்வந்த் சிங் சாஹ்னி என்ற வணிகர் தொடுத்த வழக்கில், 1967 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தின் ஒரு பகுதி என்றும், சட்டமின்றி அதைப் பறிக்க இயலாது என்றும் தீர்ப்பளித்தது. அதன் விளைவாகவே அவ்வாண்டில் பாஸ்போர்ட் சட்டம் பிறந்தது. 1978 ஜனவரியில் மேனகா காந்தி வழக்கின் தீர்ப்பு, அச்சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுப்பதிலும் நியாயமும் முறையும் வேண்டும் என்று வலியுறுத்திற்று.

இக்காலத்திலேயே அமெரிக்காவின் கதவும் திறந்தது. 1946-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்று அளந்து கொடுத்த நாடு, 1965-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தினால் நாட்டுவாரியான பழைய ஒதுக்கீட்டை நீக்கியது. அமெரிக்கக் குடிமகனின் தாய் தந்தையர் எண்ணிக்கை வரம்பின்றிக் குடியேறவும் அச்சட்டம் வழி செய்தது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் படித்த பொறியாளர்களும் மருத்துவர்களும் சென்றார்கள், குடியுரிமை பெற்றார்கள், பெற்றோருக்கு 'கிரீன் கார்டு' வாங்கிக் கொடுத்தார்கள்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு சொல் உறுத்துகிறது. கிரீன் கார்டு உடையவரைச் சட்டம் 'நிரந்தரவாசி' என்கிறது. தமிழில் நிரந்தரம் என்றால் இடையறாதது, மாறாதது. ஆனால் இந்த நிரந்தரத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: அங்கே உண்மையாகவே வசிக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்துவிட்டால் அந்த அட்டையைக் காட்டி நுழைய முடியாது. அதனினும் குறைந்த காலம் வெளியே இருந்தாலும், இங்கே வாழும் எண்ணத்தைக் கைவிட்டீரா என்று அதிகாரி கேட்கலாம். நீண்ட காலம் வெளியே இருக்க விரும்புவோர், புறப்படும் முன்பே, அமெரிக்காவில் இருக்கும்போதே, மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது சாதாரணமாக 2 ஆண்டுகளுக்குச் செல்லும். மும்பைக்கு வந்த பிறகு நினைவுக்கு வந்தால் விண்ணப்பிக்க வழியில்லை. இந்த அனுமதி முறை 1924-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. அன்று இந்தியருக்கு அதனால் பயனில்லை. இன்று அதை அறியாமல் இருப்பது நமக்கு நஷ்டம்.

வளைகுடா நாடுகளின் நிலை வேறு. அங்கே வசிப்பது பெரும்பாலும் வேலையுடன் பிணைந்தது. வேலை முடிந்தால் வாசமும் முடியும். ஐக்கிய அரபு அமீரகத்தில் சாதாரண வாச விசா உடையவர் 6 மாதங்களுக்கு மேல் வெளியே இருந்தால் அது பொதுவாகச் செல்லாததாகிவிடும். வேலைக்கும் வாசத்துக்கும் உள்ள பிணைப்பு எவ்வளவு மெல்லியது என்பதை 1990-ஆம் ஆண்டு காட்டியது. ஈராக் குவைத்தை ஆக்கிரமித்தபோது ஏர் இந்தியா விமானங்கள் ஏறத்தாழ 1,70,000 இந்தியரை இரண்டு மாதங்களில் நாடு சேர்த்தன. அவை ஜோர்தானின் அம்மான் நகரிலிருந்து புறப்பட்டுப் பம்பாயில் இறங்கின. கையில் ஒரு பையோடு வந்த அம்மக்களிடம் பாஸ்போர்ட் ஒன்றே எஞ்சியிருந்தது. அவர்கள் குடிமக்கள்; ஆகவே திரும்பி வர அவர்களுக்கு உரிமை இருந்தது.

இனி வாயிலின் இப்புறத்தை நோக்குவோம். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை இல்லை. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, ஒருவர் தாமாக வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற கணத்தில் இந்தியக் குடியுரிமை அற்றுப் போகிறது. பிறகு அவர் தாராவியில் பிறந்தவராயினும், அவருடைய பெற்றோர் இன்னும் மாட்டுங்காவில் வாழ்ந்தாலும், விசாவுடன்தான் வர வேண்டும். இக்குறையை ஓரளவு நீக்க 1999-ஆம் ஆண்டில் 'இந்திய வம்சாவளியினர்' அட்டை வந்தது. 2002-ஆம் ஆண்டில் அது திருத்தி அமைக்கப்பட்டது. 2005-ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய மற்றொரு திட்டமே இன்று நாம் ஓ.சி.ஐ. என்று வழங்குவது. 2015 ஜனவரியில் பழைய அட்டை இதனோடு இணைக்கப்பட்டது.

ஓ.சி.ஐ. என்பதை 'வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கலாம். அப்படிப் பெயர்த்தால் சொல் சரி, பொருள் தவறு. இந்த அட்டை குடியுரிமை அன்று. இது உடையவருக்கு வாக்குரிமை இல்லை. பொதுவாக அரசுப் பதவி இல்லை. விவசாய நிலமும் தோட்டமும் விலைக்கு வாங்க இயலாது. இதழியல், ஆராய்ச்சி போன்ற சில செயல்களுக்குத் தனி அனுமதி வேண்டும். சட்டம் கூறும் காரணங்களுக்காக அட்டையை ரத்து செய்யவும் அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டு. அது தருவது ஆயுட்கால விசாவும், பல முறை வந்து செல்லும் வசதியும், எத்தனை நாள் தங்கினாலும் அயல்நாட்டார் பதிவு அலுவலகத்துக்குச் செல்லத் தேவையில்லாத நிம்மதியும் ஆகும். ஓய்வு பெற்றவர்க்கு இவை பெரிய வசதிகளே. ஆயினும் அவை வசதிகள்.

இந்த வேற்றுமை வெறும் ஏட்டுச் செய்தி அன்று என்பதை இரண்டு நிகழ்ச்சிகள் காட்டின. முதலாவது, 2008 நவம்பர் 26 அன்று மும்பையில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலோடு தொடர்புடையது. தாக்குதலுக்கு வேவு பார்த்த டேவிட் ஹெட்லி என்னும் அமெரிக்கன், பல முறை வந்து செல்லும் விசாவில் இந்தியாவுக்கு வந்து போனவன். 2009-இல் அவன் சிகாகோவில் கைதானதும், சுற்றுலா விசாவில் வருவோர் வெளியே சென்றால் மீண்டும் வருவதற்கு இரண்டு மாத இடைவெளி வேண்டும் என்று இந்தியா விதித்தது. ஆண்டுதோறும் குளிர்காலத்தைக் கோவாவிலும் கேரளத்திலும் கழிக்கும் மேல்நாட்டு முதியோர் இதனால் தவித்தனர். இலங்கைக்கு ஒரு வாரம் சென்றவர் திரும்பி வந்து தம் வாடகை வீட்டைத் திறக்க முடியாத நிலை ஏற்பட்டது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்று, சுற்றுலா விசாவிலேயே பெற்றோரைக் காண வந்துகொண்டிருந்த நம்மவரையும் அவ்விதி தொட்டது. ஓ.சி.ஐ. அட்டை உடையவரைத் தொடவில்லை. 2012 டிசம்பரில் பெரும்பாலான நாட்டினருக்கு அவ்விதி நீக்கப்பட்டது.

இரண்டாவது நிகழ்ச்சியில் ஓ.சி.ஐ. அட்டையும் தப்பவில்லை. 2020 மார்ச்சில் கொரோனா நோய் பரவியபோது, ஓ.சி.ஐ. அட்டைதாரர் விசாவின்றி வரும் வசதி மார்ச் 13 முதல் நிறுத்தி வைக்கப்பட்டது. மே மாதத்தில் சில வகையினருக்குத் தளர்வு கிடைத்தது. அக்டோபரில்தான் அனைவருக்கும் மீண்டும் கிடைத்தது. ஆயுட்காலம் என்று எழுதிய வசதி ஏழு மாதங்கள் உறங்கிற்று. அப்போது விமானங்கள் நின்றமையால் இந்தியக் குடிமக்களும் வர முடியாமல் காத்திருந்தனர் என்பது மெய்யே. ஆயினும் அவர்களைக் கொண்டு வருவது அரசின் கடமையாக இருந்தது. மே 7 முதல் அதற்கெனத் தனி விமானங்கள் புறப்பட்டன. மறுபுறம், கிரீன் கார்டுடன் பேரனைப் பார்த்துவிட்டு மும்பை வந்திருந்த முதியோர், ஓராண்டுக் கெடு நெருங்குவதைக் கண்டு நாட்காட்டியை எண்ணிக்கொண்டிருந்தனர். அன்று இலங்கைத் தோட்டத்து மக்களின் வாழ்வை அறுத்த அதே 12 மாதக் கணக்கு, வேறொரு நாட்டில், வேறொரு பெயரில், அவர்கள் முன் நின்றது.

2025-ஆம் ஆண்டில் நம் நாடு 1920, 1939, 1946-ஆம் ஆண்டுச் சட்டங்களை நீக்கி, குடிவரவு மற்றும் அயல்நாட்டார் சட்டம் என்ற ஒரே சட்டத்தை இயற்றியது. அது செப்டம்பர் முதல் தேதி அமலுக்கு வந்தது. ஒரு நூற்றாண்டின் சட்டங்கள் ஓர் ஏட்டில் அடங்கின. ஆனால் குடிமகன், அயல்நாட்டான் என்ற அடிப்படைப் பிரிவு மாறவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பயன் யாது? முதலாவதாக, ஒரு தாளின் பெயரை நம்பாமல், அது தருவது உரிமையா அனுமதியா என்று பார்க்க வேண்டும். 'நிரந்தரம்', 'ஆயுட்காலம்', 'குடிமகன்' ஆகிய மூன்று சொற்களும் சட்டத்தில் நிபந்தனையோடு வருகின்றன. இலங்கையின் 'தற்காலிக வாச அனுமதி' என்ற சொல் கசப்பானதாயினும், அது யாரையும் ஏமாற்றவில்லை. இரண்டாவதாக, வெளியே தங்கும் நாட்களை எண்ணி வைக்க வேண்டும். பழைய பாஸ்போர்ட்டை எறிந்துவிடக் கூடாது. அதிலுள்ள முத்திரைகளே நாம் எங்கே எத்தனை நாள் இருந்தோம் என்பதற்குச் சாட்சி. மூன்றாவதாக, முதுமையில் நாட்டை மாற்றும் முடிவைப் பிள்ளைகளின் வசதியை மட்டும் கருதி எடுக்கலாகாது. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்த பின் மனம் மாறினால், திரும்பும் பாதை இருக்கிறது. ஓ.சி.ஐ. அட்டைதாரராக 5 ஆண்டுகள் பதிவில் இருந்து, விண்ணப்பத்துக்கு முன் 12 மாதங்கள் இந்தியாவில் வசித்தவர் குடியுரிமை கோரலாம். அதற்குள்ளும் வெளியே செல்ல அரசாங்கம் சலுகை தரக்கூடிய நாட்கள் மொத்தம் 30 மட்டுமே. எழுபது வயதில் அத்தனை காலம் காத்திருப்பது எளிதன்று.

விதிகள் அடிக்கடி மாறுபவை. ஆகவே புறப்படும் முன் அந்தந்த நாட்டுத் தூதரகத்திலும் நம் அரசாங்க அலுவலகத்திலும் அன்றைய விதியைக் கேட்டறிவதே நலம்; அண்டை வீட்டார் ஐந்தாண்டுக்கு முன் பெற்ற அனுபவம் இன்று பொருந்தாமல் போகலாம்.

தாராவியிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் முதியவர் ரயில் சீட்டு ஒன்றை மட்டுமே வாங்குகிறார். ஆறு மாதம் தங்கினாலும், ஆறு ஆண்டு தங்கினாலும், அவர் மும்பைக்குத் திரும்பும்போது தாதர் நிலையத்தில் யாரும் அவரை நிறுத்திக் கணக்குக் கேட்பதில்லை. கொழும்பிலும் இரங்கூனிலும் வாழ்ந்த நம் உறவினர் ஒரு காலத்தில் தமக்கும் அந்த எளிமை என்றும் உண்டென்று நம்பியிருந்தார்கள். வேற்று மாநிலத்தில் வாழும் தமிழராகிய நமக்கு இருக்கும் உரிமை எத்தகையது என்பதை அவர்கள் வரலாறு கூறுகிறது. கடல் கடந்து செல்லும் நம் வீட்டு முதியோருக்கு அதை எடுத்துச் சொல்வது நம் கடமை.